சிங்களக் கொம்பும் கணினியின் கணக்கும்

தரம் 10

‘கெ’ என்ற எழுத்தை எழுதும்போது முதலில் கொம்பைப் போடுகிறோம். பின்னரே ககரத்தை எழுதுகிறோம். வாசிக்கும்போதோ ககர ஒலி முந்தி வருகிறது. எகர ஒலி அதனைத் தொடர்கிறது. கை ஒரு வரிசையிற் செல்கிறது. நா வேறொரு வரிசையிற் செல்கிறது. பாலர் வகுப்பிலிருந்தே பழகிவிட்டதால் இதனை நாம் பெரிதாக எண்ணுவதில்லை. ஆனால் எழுத்தை எண்ணாக மாற்றிச் சேமிக்கும் கணினிக்கு இது பெரியதொரு கேள்வி. கொம்பு முதலா? மெய் முதலா?

இக்கேள்வி தமிழுக்கு மட்டும் உரியதன்று. நாம் இரண்டாம் மொழியாகப் பயிலும் சிங்களத்திலும் இக்குறி உண்டு. அதற்கு அவர்கள் வழங்கும் பெயர் ‘கொம்புவ’. கணினி இக்கொம்புவவை எவ்வாறு எண்ணாக்குகிறது, அந்த எண் பிழைத்தால் என்ன நேரும் என்பவற்றை இக்கட்டுரையில் நோக்குவோம்.

இரு மொழிக்கும் ஒரு கொம்பு

தமிழ் எழுத்தும் சிங்கள எழுத்தும் பழைய பிராமி எழுத்திலிருந்து வளர்ந்தவை. காலப்போக்கில் வடிவங்கள் மாறின. ஆயினும் அமைப்பு மாறவில்லை. இரண்டிலும் மெய்யெழுத்தின் வலப்புறத்திலும், மேலும் கீழும், இடப்புறத்திலும் உயிர்க்குறிகள் வந்து சேர்கின்றன. இடப்புறம் வருவது கொம்பு.

சிங்களத்தில் இக்கொம்புவ ஆறு உயிர்களுக்கு உதவுகிறது. தனியே நின்றால் எகரம். அதனுடன் ‘அல் லகுண’ என்னும் குறி சேர்ந்தால் ஏகாரம். இரண்டு கொம்புவ அருகருகே நின்றால் ஐகாரம். மெய்யின் இடப்புறம் கொம்புவவும் வலப்புறம் ‘ஏலபில்ல’ என்னும் குறியும் வந்தால் ஒகரம். அந்த ஏலபில்லவின் தலையில் அல் லகுணவும் ஏறினால் ஓகாரம். இடப்புறம் கொம்புவவும் வலப்புறம் ‘கயனுகித்த’ என்னும் குறியும் வந்தால் ஔகாரம். நமது ஏலபில்ல யாது என்று கேட்டால், ‘கா’ என்னும் எழுத்தில் வரும் காலே அது. தமிழிலும் எ, ஏ, ஐ, ஒ, ஓ, ஔ ஆகிய இந்த ஆறும் கொம்பின் துணையுடனேயே உயிர்மெய்யாகின்றன என்பதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஒப்புமை இருப்பது போலவே வேறுபாடும் உண்டு. நாம் ‘இரட்டைக் கொம்பு’ என்பது ஏகாரத்தை. சிங்களத்தில் ‘கொம்பு தெக’, அதாவது இரண்டு கொம்பு, என்பது ஐகாரத்தை. பொருள் ஒன்று; ஒலி வேறு.

நெடிலைக் காட்டும் முறை இன்னும் சுவையானது. அல் லகுண என்பது நமது புள்ளியைப் போன்றது. மெய்யிலுள்ள அகரத்தை நீக்குவதே அதன் முதல் வேலை. சிங்களத்தில் அது கொம்புவவுடன் சேரும்போது உயிரை நீட்டுகிறது. பழந்தமிழிலோ எகர ஒகரங்களின் மேல் வைத்த புள்ளி குறிலைக் காட்டியது. புள்ளி இல்லாதது நெடில். ஒரே வகையான குறி ஓரிடத்தில் நீட்டவும் மற்றோரிடத்தில் குறுக்கவும் பயன்பட்டது வியப்பன்றோ! ஏட்டில் எழுத்தாணியால் எழுதும்போது புள்ளிகள் விடுபட்டமையால் குறில் நெடில் மயக்கம் தமிழில் நெடுங்காலம் இருந்தது. அம்மயக்கத்தைப் போக்கக் கொம்பின் மேற்புறத்தைச் சுழித்து நெடிலாக்கியவர் வீரமாமுனிவர் (1680–1747) என்று நாம் படித்திருக்கிறோம். ஒரு சிறு சுழி ஒரு மொழியின் வாசிப்பையே எளிதாக்கியது. குறி சிறிதானாலும் அதன் பணி சிறிதன்று.

கணினி எழுத்தை அறியும் விதம்

கணினிக்கு எழுத்துத் தெரியாது. எண் மட்டுமே தெரியும். எனவே ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் வேண்டும். 1963இல் அமெரிக்காவில் வகுக்கப்பட்ட ‘ஆஸ்கி’ என்னும் அட்டவணையில் 128 இடங்களே இருந்தன. அவை ஆங்கிலத்துக்கே போதுமாயிருந்தன. தமிழுக்கும் சிங்களத்துக்கும் அங்கு இடமில்லை.

எனவே எழுத்துரு செய்தவர்கள் ஓர் உபாயம் கண்டனர். ஆங்கில எழுத்துக்குரிய எண்ணை அப்படியே வைத்துக்கொண்டு, அதன் உருவத்தை மட்டும் தமிழாகவோ சிங்களமாகவோ வரைந்தனர். நம் நாட்டில் நெடுங்காலம் பரவியிருந்த ‘பாமினி’ தமிழ் எழுத்துரு இவ்வகையினது. அதில் ‘அம்மா’ என்று அடித்தால் திரையில் அம்மா என்றே தோன்றும். ஆனால் அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அதே சொல் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று ஆங்கிலக் குறிகளாகக் கிடக்கும். கணினியின் உள்ளே இருந்தது ஆங்கிலமே. தமிழ் ஒரு போர்வை மட்டுமே. சிங்கள எழுத்துருக்களின் நிலையும் இதுதான். ஓர் எழுத்துருவில் கொம்புவவாக இருந்த எண் இன்னோர் எழுத்துருவில் வேறெதுவாகவும் இருக்கலாம்.

இக்குழப்பத்தைத் தீர்க்க வந்ததே யூனிக்கோட் எனப்படும் ஒருங்குறி. உலகின் எழுத்துகள் அனைத்துக்கும் ஒரே அட்டவணை; ஓர் எண் ஓர் எழுத்துக்கே உரியது. 1991இல் வெளிவந்த முதற் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. சிங்களம் 1999இல் வெளிவந்த மூன்றாம் பதிப்பிற் சேர்ந்தது. இலங்கையிலும் சிங்கள எழுத்துக் குறியீட்டுக்கென 1134 என்னும் இலக்கமுடைய தேசியத் தரம் 1996இல் வெளியாகி, 2004இல் திருத்தப்பட்டது. இன்று தமிழுக்கு 2944 முதல் 3071 வரையும், சிங்களத்துக்கு 3456 முதல் 3583 வரையும் 128 இடங்கள் வீதம் ஒதுக்கப்பட்டுள்ளன.

இங்கு எண் பெறுவது எழுத்து. அதன் வடிவம் அன்று. சிங்களத்தில் உகரக் குறி ககரத்துடன் ஒரு வடிவிலும் பகரத்துடன் வேறு வடிவிலும் வரும். அல் லகுணவும் மெய்க்கு ஏற்ப இரண்டு வடிவம் எடுக்கும். ஆயினும் குறிக்கு ஒரே எண்தான். எங்கே எந்த வடிவம் வரவேண்டும் என்பதை எழுத்துரு பார்த்துக்கொள்ளும். தமிழில் கு, சு, பு என்று உகரம் பல உருவம் எடுத்தாலும் உகரக் குறிக்கு 3009 என்ற ஓர் எண்ணே இருப்பதும் இவ்வாறே.

கொம்புவவின் எண்கள்

கொம்புவவின் எண் 3545. அதன் குடும்பத்தைக் கீழே தருகிறோம்.

எகரக் குறி (கொம்புவ) – 3545
ஏகாரக் குறி – 3546
ஐகாரக் குறி – 3547
ஒகரக் குறி – 3548
ஓகாரக் குறி – 3549
ஔகாரக் குறி – 3550

இவற்றுடன் சேரும் துணைக்குறிகளுக்கும் எண் உண்டு. அல் லகுண 3530, ஏலபில்ல 3535, கயனுகித்த 3551.

உலக அட்டவணையில் தமிழ்க் கொம்பு (3014) ‘தமிழ் எகர உயிர்க்குறி’ என்ற பொருளில் ஒலியால் மட்டுமே பெயர் பெற்றிருக்கிறது. சிங்களக் குறியோ ‘கொம்புவ’ என்ற தன் சொந்தப் பெயருடனேயே பதிவாகியிருக்கிறது. நம் கொம்பு என்ற சொல்லை நினைவூட்டும் ஒரு பெயர், சிங்களத்தின் வழியாக உலக அட்டவணையில் நிலைத்திருப்பது நமக்கும் மகிழ்ச்சியே.

கொம்பு முதலா, மெய் முதலா?

இனித் தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு வருவோம். ஒருங்குறியின் விடை தெளிவானது: மெய்யே முதல். கண் காணும் வரிசையை விட்டு, நா ஒலிக்கும் வரிசையிலேயே எண்கள் சேமிக்கப்படுகின்றன. திரையில் காட்டும்போது கொம்புவவை இடப்புறம் கொண்டுசென்று வைப்பது கணினியின் வேலை. ஒகரமாயின் அந்த ஒரே எண்ணுக்கு இரு துண்டுகளை வரைந்து மெய்யின் இருபுறமும் நிறுத்துவதும் அதன் வேலையே.

தெரேசா என்னும் பெயரை எடுத்துக்கொள்வோம். சிங்களத்தில் எழுதினால் கண்ணுக்குத் தெரியும் வரிசை: கொம்புவ, தகரம், கொம்புவ, அல் லகுண ஏறிய ரகரம், சகரம், ஏலபில்ல. கணினியில் சேமிக்கப்படும் வரிசையோ 3501, 3545, 3515, 3546, 3523, 3535. அதாவது தகரம், எகரம், ரகரம், ஏகாரம், சகரம், ஆகாரம். தமிழில் அதே பெயர் 2980, 3014, 2992, 3015, 2970, 3006. இரு மொழியிலும் ஆறு எண்கள். இரு மொழியிலும் ஒரே ஒலி வரிசை. உருவத்தில் வேறுபட்டுத் தோன்றும் இரு மொழிகளும் கணினியின் உள்ளே ஒரே நடை நடக்கின்றன!

ஒலி வரிசையால் வரும் நன்மை என்ன? அகராதியை நினைத்துப் பாருங்கள். ‘கொடி’ என்ற சொல்லை நாம் ககர வரிசையில் தேடுகிறோமே அன்றிக் கொம்பு வரிசையில் தேடுவதில்லை. கொம்பு முதலில் சேமிக்கப்பட்டால் கொடியும் பொன்னும் தெருவும் வேறு வேறிடம் செல்லாமல் கொம்பின் கீழ் ஒன்றாய்க் குவிந்துவிடும். பெயர்ப்பட்டியலை அகரவரிசைப்படுத்துவது கடினமாகும். தாய்லாந்து மொழியின் எழுத்திலும் இடப்புறக் குறிகள் உண்டு. அம்மொழிக்கு, ஏற்கெனவே அந்நாட்டில் நிலவிய வழக்கத்தை ஒட்டி, கண் காணும் வரிசையே ஒருங்குறியிலும் ஏற்கப்பட்டது. அதனால் அங்கே வரிசைப்படுத்தும்போது குறியையும் மெய்யையும் இடம் மாற்றிப் பார்க்க வேண்டியுள்ளது.

தட்டெழுத்துப் பொறியில் பழகியவர்களோ கொம்புவவை முதலில் அடித்தே பழகியவர்கள். சிங்களத் தட்டெழுத்துக்குரிய விஜேசேகர விசைப்பலகை அவ்வாறே அமைந்தது. ஏனெனில் தாள் இடமிருந்து வலமாக நிரம்பும் பொறியில் இடப்புறக் குறியை முன்னதாகவே பதித்தாக வேண்டும். அவ்வழக்கத்தைக் கைவிடாமலே கணினிக்கு வழி காணப்பட்டது. கொம்புவ விசையை முதலில் அழுத்தினாலும், அடுத்த மெய் வரும்வரை கணினி காத்திருந்து, மெய்யை முன்னும் கொம்புவவைப் பின்னுமாகச் சேமித்துக்கொள்கிறது. விரல் தன் பழக்கத்தை விடவில்லை. எண் தன் ஒழுங்கை விடவில்லை.

ஒரே தோற்றம், வேறு எண்கள்

சிங்களத்தில் புத்தகத்தைப் ‘பொத’ என்பர். நமது ‘பொத்தகம்’ என்ற பழஞ்சொல் நினைவுக்கு வருகிறதல்லவா? இச்சொல்லைக் கணினியில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம்.

முதலாவது: 3508, 3548, 3501. அதாவது பகரம், முழு ஒகரக் குறி, தகரம்.
இரண்டாவது: 3508, 3545, 3535, 3501. அதாவது பகரம், கொம்புவ, ஏலபில்ல, தகரம்.

திரையில் இரண்டும் ஒன்றே. எண்ணிப் பார்த்தால் ஒன்றில் மூன்று, மற்றதில் நான்கு. தமிழ் அல்லது சிங்களக் குறுஞ்செய்தி ஒன்றில் 70 இடங்களே உண்டு. அங்கே இந்த ஓரிடமும் கணக்கில் வரும். அதனினும் பெரிய இடர் தேடும்போது வரும். முதல் வகையில் அடித்துத் தேடினால், எண்ணுக்கு எண் மட்டும் ஒப்பிடும் ஒரு செய்நிரல் இரண்டாம் வகையைக் காணாது.

இதற்கு ஒருங்குறி ஒரு சமன்பாட்டு விதி தந்திருக்கிறது. 3545உம் 3530உம் அடுத்தடுத்து வந்தால் 3546க்குச் சமம். 3545உம் 3535உம் வந்தால் 3548க்குச் சமம். 3548உம் 3530உம் வந்தால் 3549க்குச் சமம். 3545உம் 3551உம் வந்தால் 3550க்குச் சமம். இது கணிதக் கூட்டல் அன்று; ஒன்றன்பின் ஒன்றாய் வருதல் என்றே கொள்க. நல்ல செய்நிரல்கள் இவ்விதியின்படி எல்லாவற்றையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவந்த பின்னரே தேடும்.

ஆயினும் இவ்விதி எல்லாவற்றையும் காக்காது. ஐகாரத்தின் 3547க்குச் சமன்பாடு இல்லை. கொம்புவவை இருமுறை அடித்தால் கண்ணுக்கு ஐகாரம் போலத் தோன்றக்கூடும். கணினிக்கு அது ஐகாரம் அன்று. ஓகாரத்தில் இன்னொரு நுட்பம் உண்டு. தமிழில் நெடிலின் அடையாளம் கொம்பில் இருக்கிறது. ஆகவே ஏகாரக் குறியும் காலும் சேர்ந்தால் ஓகாரம். சிங்களத்தில் நெடிலின் அடையாளம் ஏலபில்லவின் தலையில் இருக்கிறது. ஆகவே ஒகரத்துடன் அல் லகுண சேர்ந்தால்தான் ஓகாரம். தமிழ்ப் பழக்கத்தில் ஏகாரக் குறியை அடித்து அடுத்து ஏலபில்லவை அடித்தால், அவ்விரண்டும் ஒருபோதும் 3549 ஆகா. ஒரு மொழியின் ஒழுங்கை மற்றொரு மொழியின் மேல் ஏற்றலாகாது என்பதற்கு இது நல்ல சான்று.

2007இல் வெளிவந்த விண்டோஸ் விஸ்டாவுடன் ‘இஸ்கோல பொத’ என்னும் சிங்கள எழுத்துரு வந்தது. பள்ளிப் புத்தகம் என்பது அதன் பொருள். அப்பெயரிலேயே ‘கோ’வில் 3549உம், ‘பொ’வில் 3548உம் இருக்கின்றன. சிங்களம் பயிலும் நமக்கு இப்பெயர் நல்லதொரு பயிற்சி.

பெயர் தொலையும் இடம்

இவையெல்லாம் கணினி வல்லுநர்களின் கவலை, நமக்கென்ன என்று சிலர் எண்ணலாம். அவ்வாறன்று. 1987ஆம் ஆண்டின் 13ஆம் அரசியலமைப்புத் திருத்தத்தால் தமிழும் நம் நாட்டின் அரசகரும மொழியாயிற்று. ஆகவே நம்முடைய பெயர்கள் தமிழிலும் சிங்களத்திலும் பதிவாக வேண்டியவை. பிறப்புப் பதிவு, அடையாள அட்டை, பரீட்சைப் பெறுபேறு, வாக்காளர் இடாப்பு, வைத்தியசாலைக் குறிப்பு ஆகிய அனைத்திலும் பெயரே நம்மைச் சுட்டுவது.

கௌரி என்ற பெயரைப் பாருங்கள். முறையாக அடித்தால் க, ஔகாரக் குறி, ர, இகரக் குறி. ஆனால் ஔகாரக் குறியின் பிற்பகுதி ளகரத்தைப் போலவே இருப்பதால், கொம்பும் ளகரமும் தனித்தனியே அடித்து ‘கெளரி’ என்று சேமிப்பவர் பலர். முன்னதில் 2965, 3020 என்றும், பின்னதில் 2965, 3014, 2995 என்றும் எண்கள் நிற்கும். வாசிப்பவர் கண்ணுக்கு ஒரு பெண். கணினியின் கணக்கில் இரண்டு பெண்கள். ளகரம் தனி மெய்யாதலால் மேலே கூறிய சமன்பாட்டு விதியும் இங்கு உதவாது. ஓரிடத்தில் ஒருவிதமாகவும் இன்னோரிடத்தில் வேறுவிதமாகவும் பதிந்த பெயரைத் தேடினால், ‘அப்படி ஒருவர் இல்லை’ என்றே கணினி கூறும். கணினி பொய் சொல்லவில்லை. அதற்குக் கொடுத்த எண்ணைத் தேடியது, அவ்வளவே. ஆனால் பெறுபேற்றுக்காகவோ மருந்துக்காகவோ காத்து நிற்பவளுக்கு அவ்விடை எவ்வளவு துன்பம் தரும்!

சிங்களத்திலும் கொம்புவ உள்ள பெயர்களுக்கு இதே இடர் உண்டு. தெரேசாவின் ஏகாரத்தை ஒருவர் 3546 என்று ஒரே எண்ணாகவும், மற்றொருவர் 3545, 3530 என்று இரண்டாகவும் சேமிக்கலாம். பழைய எழுத்துருக்களில் அடித்து வைத்த ஆவணங்களோ இன்னும் ஒருபடி கீழே நிற்கின்றன. ஒருங்குறிக்கு மாற்றும்வரை அவற்றை ஒருங்குறியில் அடித்துத் தேட இயலாது.

நாம் செய்யக்கூடியவை

1. தமிழோ சிங்களமோ, ஒருங்குறி விசைப்பலகையிலேயே அடித்துப் பழகுவோம்.

2. ஒகரம், ஓகாரம், ஔகாரம் ஆகியவற்றுக்கு முழுக்குறி இருக்கும்போது, துண்டு துண்டாகச் சேர்த்து அடிப்பதைத் தவிர்ப்போம்.

3. ஔகாரத்துக்கு ளகரத்தைப் பயன்படுத்தாதிருப்போம்.

4. வீட்டிலுள்ள பெரியோர் இணையவழிப் படிவம் நிரப்பும்போது பெயரின் எழுத்துகளைச் சரிபார்த்து உதவுவோம். எல்லா ஆவணங்களிலும் ஒரே எழுத்து முறை இருக்கட்டும்.

5. நம்முள் நாளை செய்நிரல் எழுதப் போகிறவர்கள், ஒப்பிடுவதற்கு முன் சமன்பாட்டு விதியைக் கையாள மறவாதிருப்பார்களாக.

தோழியரே! அயலவரின் எழுத்தைக் கற்பது பரீட்சைப் புள்ளிக்காக மட்டுமன்று. கொம்புவவை ஆராயும்போது நம் கொம்பையே நாம் புதிதாக அறிகிறோம். இரு மொழிக்கும் கொம்பு இடப்புறம். இரு மொழிக்கும் ஒலி வரிசையே எண் வரிசை. இரு மொழிக்கும் ஓர் எண் பிறழ்ந்தால் ஒருவரின் பெயர் தொலையும். தன் பெயர் பிழையின்றி எழுதப்பட வேண்டுமென விரும்புவோர், பிறர் பெயரையும் பிழையின்றி எழுதக் கற்றுக்கொள்ள வேண்டும். அப்பணியை நாம் இரு மொழியிலும் செவ்வனே செய்வோமாக.